காவற்கலம் பேச வேண்டிய மொழி

வைகை பிறப்பது நம் வருசநாட்டு மலையில். அது சென்று சேர்வது இராமநாதபுரத்திற்கு அப்பால் ஆற்றங்கரைக் கடலில். "கம்பம் பள்ளத்தாக்கினர்க்குக் கடற்படைக் கலத்தைப் பற்றி என்ன கவலை?" என்று வினவுவார்க்கு இதுவே விடை. அக்கடற்கேனும் தமிழ்ப்பெயர் வழங்குகின்றதா? 18ஆம் நூற்றாண்டில் சென்னையை ஆண்ட இராபர்ட்டு பாக்கு என்னும் வெள்ளையன் பெயரால் அது பாக்கு நீரிணை! வெற்றிலையோடு மெல்லும் பாக்கென்றே நம் மாணவர் எண்ணுகின்றனர்.

அந்நீரிணையில், 2022 அக்தோபர் 21 அன்று, மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவர் குண்டடிபட்டு வீழ்ந்தார். சுட்டது சிங்களக் கடற்படையன்று. 'பங்காரம்' என்னும் இந்தியக் கடற்படைக் கலம்! கொல்கத்தாவில் கட்டப்பெற்று 2006இல் படையிற் சேர்ந்தது. ஏறத்தாழ 46 மீட்டர் நீளம். கரையோரத்தைச் சுற்றிக் காப்பதே அதன் பணி. பலமுறை எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்றது கடற்படை. எம்மொழியில் எச்சரித்தனர்? தமிழன் எழுப்ப வேண்டிய முதல் வினா இதுவன்றோ? முதலமைச்சர் தலைமையமைச்சர்க்கு மடல் எழுதினார், வழக்கும் பதிவாயிற்று. மொழியைப் பற்றி எவர் வாய் திறந்தார்?

இவ்வகைக் கலங்கட்குத் தீவுகளின் பெயர் சூட்டுவது வழக்கம். பங்காரம் இலக்கத்தீவுக் கூட்டத்தைச் சார்ந்தது. பின்னர்க் கட்டிய கார் நிக்கோபார் வகைக் கலங்கள் பத்தனுள் ஒன்று, தூத்துக்குடிக்கு அருகிலுள்ள நம் காசுவாரித் தீவின் பெயரைத் தாங்கியது. அதையும் 'கோசுவாரி' ஆக்கினர்! வெள்ளையன் நாவிற் சிதைந்த வடிவை விடுதலை பெற்ற நாடு கலத்தின் மேல் எழுதி வைப்பதா?

வடவரை மட்டும் நோவானேன்? நம் நாளிதழ்கள் இவற்றை 'ரோந்துக் கப்பல்' என்கின்றன. ரகரம் தமிழ்ச்சொற்கு முதலாகாது என்பது தொல்காப்பியம் கற்ற சிறுவனும் அறிவான். 'சுற்றுக்காவற் கலம்' என்றெழுத எந்த அச்சகத்தில் எழுத்துக்குப் பஞ்சம்?

தமிழகக் கரையில் உலவும் ஒவ்வொரு சுற்றுக்காவற் கலத்திலும் தமிழ் பேசும் படைஞர் இருத்தல் வேண்டும். ஒலிபெருக்கியில் முதலில் ஒலிப்பது தமிழாதல் வேண்டும். "நில்" என்னும் ஈரெழுத்துச் சொல்லைக் கற்பிக்கக் கோடி உருபா வேண்டியதில்லை. தேர்தற்காலத்தில் தேனிக்கு வந்து முல்லைப்பெரியாற்று நீரைப் பற்றி முழங்கும் வேட்பாளரிடம், வைகை சேரும் கடலைப் பற்றியும் இவ்வினாவைக் கேளுங்கள்.