சோளக்காட்டில் ஒரு முகமூடி: சின்ன பட்ஜெட் ‘ஸ்லாஷர்’ படங்களில் எது பலம், எது கோளாறு?

1978 அக்டோபர் கடைசியில், சில நாள் இடைவெளியில் இரண்டு படங்கள் வெளியாகின. அமெரிக்காவில் ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’. இங்கே பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’. இவர் படத்தை அவரோ, அவர் படத்தை இவரோ பார்த்துவிட்டு எடுத்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான்: கொலைவெறி பிடித்த ஒருவன், அடுத்தடுத்துச் சாகும் பெண்கள், கடைசியில் உயிர் பிழைக்க ஓடும் ஒருத்தி.

இந்த வகைக்குத்தான் ‘ஸ்லாஷர்’ என்று பெயர். பேய் கிடையாது, சூனியம் கிடையாது. பயமுறுத்துவது மனுஷன்தான். ஓடிடியில் ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்க்ரோல் பண்ணினால் இந்த ரகப் படங்கள் வரிசை கட்டி நிற்கும். பாதிக்கு மேல் சின்ன பட்ஜெட். “காசு இல்லாம எடுத்திருக்காங்க, அதான் மொக்கையா இருக்கு” என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் தீர்ப்பு. அது தப்பான தீர்ப்பு என்பதே என் கட்சி.

காசு இல்லாததுதான் பலம்

‘ஹாலோவீன்’ படத்தின் செலவு சுமார் மூன்றேகால் லட்சம் டாலர். வில்லனின் முகமூடி, கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ கேப்டன் கிர்க் முகமூடி. அதற்கு வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். இசையமைக்கத் தனியாக ஆள் வைக்கவில்லை, இயக்குநரே போட்டார். வசூல் சுமார் ஏழு கோடி டாலர். இத்தனைக்கும் படத்தில் ரத்தம் ரொம்பக் குறைவு. காட்ட வசதி இல்லாததால், காட்டாமலே பயமுறுத்த வேண்டிய கட்டாயம். அந்தக் கட்டாயம்தான் படத்தைக் காப்பாற்றியது.

நம்மிடமும் உதாரணம் இருக்கிறது. 1984இல் மணிவண்ணன் இயக்கிய ‘நூறாவது நாள்’, பன்னிரண்டே நாளில் எடுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக வந்த சத்யராஜும், இளையராஜாவின் பின்னணி இசையும் போதுமாக இருந்தது. அந்தக் காலத்தில் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், இன்னும் கதை சொல்வார்கள்.

ஊட்டி பங்களாவை விடுங்க

பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ 1980இல் ஊட்டியைக் காட்டியதிலிருந்து, கொலைப் படம் என்றாலே மலைமேல் ஒரு பங்களா தேடுவது நம்மவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. வாடகை, ஹோட்டல், வண்டி என்று பட்ஜெட்டில் பெரும் பங்கு அங்கேயே போய்விடும்.

அதற்குப் பதிலாக வாலிகண்டபுரத்துக்கு வாருங்கள். பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்துக்குப் பேர்போனது. ஐப்பசி, கார்த்திகையில் பயிர் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். உள்ளே போனால் நாலடி தள்ளி நிற்பவர் தெரிய மாட்டார். காற்றில் இலை உரசுகிற சத்தமும், ஒருவர் நடந்து வருகிற சத்தமும் ஒன்றுபோலவே கேட்கும். பக்கத்திலேயே திருச்சி - சென்னை நாற்கரச் சாலை. விடிய விடிய லாரி ஓடும், கத்தினாலும் யாருக்கும் கேட்காது. செட் செலவு பூஜ்யம். மிதிபட்ட பயிருக்கு விவசாயியிடம் நஷ்டஈடு கொடுத்துவிட்டால் சரி.

பயம் என்பது பார்க்கிறவருக்குத் தெரிந்த இடத்திலிருந்து வர வேண்டும். பெரிய படத்துக்கு எல்லா ஊரிலும் ஓட வேண்டிய கவலை உண்டு. சின்ன படத்துக்கு ஒரே ஊரை முழுசாகக் காட்டும் சுதந்திரம் உண்டு. அதைத்தான் பலரும் வீணடிக்கிறார்கள்.

பட்ஜெட்மேல் பழி போட முடியாத கோளாறு

இனி, இந்தப் படங்களின் உண்மையான கோளாறு. கொலைகாரனுக்கு ஃபிளாஷ்பேக் உண்டு, செத்தவர்களுக்குக் கிடையாது.

‘சிகப்பு ரோஜாக்கள்’ நாயகன் பெண்களைக் கொல்வதற்குப் பெண்களையே காரணமாக்கியது. முடியும்போது நம் பரிதாபம் அவன்மேல் நிற்கிறது. 2004இல் வந்த ‘மன்மதன்’, காதலில் ஏமாற்றும் பெண்களைத் தேடிக் கொல்பவனை நாயகனாகவே ஆக்கியது. தியேட்டரில் விசில் பறந்தது. செலவு பெரியதோ சின்னதோ, இந்தப் பார்வை மாறவில்லை. 2018இன் ‘ராட்சசன்’ திறமையான படம்தான். ஆனால் அதிலும் கொலைகாரனின் பள்ளிப் பருவத்துக்குக் கிடைத்த இடம், இறந்த மாணவிகள் பலருக்குக் கிடைக்கவில்லை.

இதைப் பார்த்து யாராவது கத்தியைத் தூக்கிவிடுவார்களா? 1984இல் சென்னையில் நடந்த கொடூரக் கொலைகளுக்கு ‘நூறாவது நாள்’தான் தூண்டுதல் என்று அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அதே படத்தை லட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள் என்பதும் உண்மை. சினிமா கொலைகாரனை உருவாக்குகிறது என்று நான் சொல்லவில்லை. யார் பக்கம் நிற்க வேண்டும் என்று நம்மைப் பழக்குகிறது. பெரம்பலூரில் வேலை முடித்து, கடைசி பஸ்ஸில் இறங்கி, இருட்டில் ஊருக்குள் நடக்கிற பெண்ணுக்குப் பின்னால் கேட்கும் காலடிச் சத்தம் சினிமா இல்லை. அவள் பயத்தை வைத்துக் காசு பார்க்கும் படம், அவளை ஒரு ஆளாகவாவது மதிக்க வேண்டாமா?

வேறு மாதிரியும் எடுக்கலாம்

அஸ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ 2019இல் அதைச் செய்தது. பெரும்பகுதி ஒரே வீடு. சக்கர நாற்காலியில் டாப்ஸி, துணைக்கு வீட்டு வேலை செய்யும் அம்மாவாக வினோதினி. வாசலில் முகமூடிக் கொலைகாரர்கள். அவர்கள் ஏன் அப்படி ஆனார்கள் என்று படம் மெனக்கெடவில்லை. பயந்து கிடப்பவள் எப்படி எழுந்து நிற்கிறாள் என்பதுதான் கதை.

இன்னொரு பக்கம், ரத்தத்தையே வியாபாரமாக்குவதும் நடக்கிறது. 2024இல் வந்த ‘டெரிஃபையர் 3’ சுமார் 20 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு, சுமார் ஒன்பது கோடி டாலர் வசூலித்தது. லாபக் கணக்கில் அது பாடம். ஆனால் இங்கே அப்படியே காப்பி அடித்தால் கையைச் சுடும். ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே டிவியில் போட முடியாது, அந்த வருமானம் போச்சு. 2024இல் வந்த புதிய விதிகளில் யு/ஏ 16+ என்ற பிரிவு இருக்கிறது. ரத்தத்தைக் குறைத்து பயத்தைக் கூட்டத் தெரிந்தவருக்கு அது நல்ல வழி.

அதனால் அடுத்த முறை இப்படி ஒரு படம் பார்த்தால், மேக்கப் மட்டமா, கேமரா ஆடுதா என்று மட்டும் பார்க்காதீர்கள். படம் முடிந்ததும் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். கொலைகாரன் பெயர் கட்டாயம் ஞாபகம் இருக்கும். செத்தவர்களில் இரண்டு பேர் பெயராவது ஞாபகம் இருக்கிறதா? இருந்தால், பட்ஜெட் என்னவாக இருந்தாலும் நண்பர்களுக்கு லிங்க் அனுப்புங்கள்.