ரோமர் இடைவெளி தரும் பாடம்

டெவோனியக் காலம் முடிந்தபின், ஏறத்தாழ 36 கோடி முதல் 34.5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில், நாற்கால் முதுகெலும்பிகளின் புதைபடிவங்கள் மிக அரிதாகவே கிடைத்தன. அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஆல்ஃபிரட் ரோமரின் பெயரால் ‘ரோமர் இடைவெளி’ எனப்படும் இவ்வெற்றிடத்திற்கு, வளிமண்டலத்தில் ஆக்சிஜன் குறைந்து அவ்விலங்குகள் அருகிப்போனதே காரணம் என்று சிலர் விளக்கினர். ஆனால், ஸ்காட்லாந்தில் டம்பார்டன் அருகே 1971இல் கிடைத்து, மீன் என்றே கருதப்பட்ட, இவ்விடைவெளிக் காலத்துப் புதைபடிவம் ஒன்று, தரையில் நடப்பதற்கேற்ற பாதங்களையுடைய ‘பெடர்பெஸ்’ என்னும் நாற்கால் விலங்கு என 2002இல் தொல்லுயிரியலாளர் ஜென்னி கிளாக் விவரித்தார். அந்நாட்டின் தென்பகுதியில் ஸ்டான் வுட், டிம் ஸ்மித்சன் ஆகியோர் விடாது தேடிக் கண்டெடுத்தவை 2012இல் வெளியாகி, இடைவெளியை மேலும் சுருக்கின. சான்று கிடைக்காததையே உயிர் இல்லாமைக்குச் சான்றாகக் கொள்வது பிழை. கோட்பாடுகளை அடுக்குமுன் பாறைகளையும், அருங்காட்சியகச் சேகரிப்புகளையும் பொறுமையுடன் மீண்டும் ஆராய்வதே அறிவியலின் முதற்கடமையாகும்.