வெளிநாட்டு வேலைக்குப் போறீங்களா? பேங்க் அக்கவுன்ட், கார்டு... எங்கெல்லாம் பணம் பிடிப்பாங்க? முழு விவரம்

கிருஷ்ணகிரி மாவட்டம் நாகரசம்பட்டி போன்ற ஊர்களில் இருந்து ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போனால், கம்பெனியே சம்பள அக்கவுன்ட் தொடங்கித் தந்துடும். மினிமம் பேலன்ஸ் கவலை இருக்காது. அதே ஆள் துபாய், சிங்கப்பூர் கிளம்பினா கதை வேற. அங்கே புது அக்கவுன்ட்டுக்கும் கட்டணம், இங்கே விட்டுட்டுப் போன பழைய அக்கவுன்ட்டுக்கும் கட்டணம்னு ரெண்டு பக்கமும் பணம் கரையலாம். தவிர்ப்பது எப்படி?

துபாயில் என்ன நடைமுறை?

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2009-ல் சம்பளப் பாதுகாப்பு முறை வந்தது. இதன்படி வங்கி அல்லது அனுமதி பெற்ற பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாகத்தான் சம்பளம் தரணும். குறைந்த சம்பளம் வாங்குறவங்களுக்குப் பெரும்பாலும் சம்பள கார்டுதான் கிடைக்கும். இதுக்கு பொதுவா மினிமம் பேலன்ஸ் கிடையாது. ஆனா ஏடிஎம்மில் பணம் எடுக்க, பேலன்ஸ் பார்க்க, எஸ்எம்எஸ் வர தனித்தனியா கட்டணம் இருக்கலாம்.

ஒரு விஷயத்தில் கறாரா இருங்க. கார்டும் பின் நம்பரும் உங்க கையில் மட்டும்தான் இருக்கணும். சூப்பர்வைசரோ, ஏஜென்ட்டோ கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

முழு அக்கவுன்ட் தொடங்கினால்?

இதற்கு எமிரேட்ஸ் ஐடி அவசியம். பல வங்கிகளில் 3,000 திர்ஹாம் இருப்பு வைக்கணும். குறைந்தால் மாதம் 25 திர்ஹாம் பிடிப்பாங்க. மாதம் 1,200 திர்ஹாம் சம்பளம் வாங்குறவருக்கு வருஷத்தில் 300 திர்ஹாம், அதாவது கால் மாதச் சம்பளம் இதிலேயே போயிடும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளம் அந்த அக்கவுன்ட்டில் ஏறினால் விலக்கு தரும் வங்கிகளும் உண்டு. கையெழுத்து போடும் முன்பே இதைக் கேட்டுடுங்க. வங்கியுடன் பிரச்சினை தீரவில்லை என்றால் 'சனதக்' என்ற குறைதீர் அமைப்பில் புகார் செய்யலாம்.

மற்ற நாடுகளில்?

சிங்கப்பூரில் பிஓஎஸ்பி சேமிப்பு அக்கவுன்ட்டின் மாத சராசரி இருப்பு 500 டாலருக்குக் கீழே போனால் 2 டாலர் கட்டணம். சில பிரிவினருக்கு விலக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் யாரும் அடிப்படை அக்கவுன்ட் கேட்கலாம் என 2014-ம் ஆண்டு விதி சொல்கிறது.

ஊர்ல இருக்கும் அக்கவுன்ட் என்ன ஆகும்?

பலர் கவனிக்காத இடம் இதுதான். சில மாதங்கள் சம்பளம் வராவிட்டால், சம்பள அக்கவுன்ட் சாதாரண சேமிப்பு அக்கவுன்ட்டாக மாறிடும். அப்புறம் மினிமம் பேலன்ஸ் விதி பொருந்தும். எஸ்பிஐ 2020-லும், கனரா வங்கி, இந்தியன் வங்கி 2025-லும் இந்த அபராதத்தைக் கைவிட்டன. எல்லா தனியார் வங்கிகளும் அப்படி இல்லை.

இன்னொன்று, வேலைக்காக வெளிநாடு போனவர் பழைய அக்கவுன்ட்டை அப்படியே வெச்சிருக்கக் கூடாது. அந்நியச் செலாவணி விதிப்படி அதை என்ஆர்ஓ அக்கவுன்ட்டாக மாற்றணும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ அக்கவுன்ட் நல்லது. அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

* தேவையில்லாத பழைய சம்பள அக்கவுன்ட்டை மூடிட்டு, ஒன்றை மட்டும் வெச்சுக்கோங்க.

* ஓடிபி வரும் சிம்முக்கு ரீசார்ஜ் தொடரட்டும். அமீரகம், சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாட்டு எண்களை என்ஆர்இ, என்ஆர்ஓ அக்கவுன்ட்டுடன் இணைத்து யுபிஐ பயன்படுத்தலாம். உங்க வங்கியில் வசதி இருக்கான்னு கேளுங்க.

* முதல் மாதச் செலவுக்கு இந்திய டெபிட் கார்டை நம்பாதீங்க. வெளிநாட்டில் தேய்த்தால் கரன்சி மாற்றுக் கட்டணமும், அதன் மேல் ஜிஎஸ்டியும் சேரும். கொஞ்சம் அந்த நாட்டுப் பணமாக எடுத்துட்டுப் போங்க.

* வேலை முடிஞ்சு திரும்பும்போது அங்குள்ள அக்கவுன்ட்டை முறைப்படி மூடி, அதற்கான கடிதத்தை வாங்கிட்டு வாங்க. சும்மா விட்டுட்டு வந்தா கட்டணம் ஏறிக்கிட்டே இருக்க வாய்ப்பு உண்டு.