கேட்பது வேறு, தீர்மானிப்பது வேறு: நியம்கிரி கிராம சபைகள் எழுப்பும் கேள்வி

ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் அமைக்கலாமா என்ற கேள்விக்கு 2013-ஆம் ஆண்டில் 12 கிராம சபைகள் விடையளித்தன. ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 19 வரை நடைபெற்ற கூட்டங்கள் அனைத்திலும் சுரங்கத்தை நிராகரித்தே தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அத்திட்டத்துக்கு வன அனுமதி மறுத்தது. மக்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு அரசின் முடிவாகவே மாறிய நிகழ்வுகள் நம் நாட்டில் மிகச் சில.

லாஞ்சிகரில் வேதாந்தா குழுமத்தின் அலுமினா சுத்திகரிப்பு ஆலை முன்னரே கட்டப்பட்டுவிட்டது. அதற்கான தாதுவை மலையுச்சியிலிருந்து எடுப்பதே திட்டம். அந்த உச்சியைத்தான் டோங்ரியா கோந்த் பழங்குடியினர் தங்கள் தெய்வமான நியம் ராஜாவின் இருப்பிடமாக வணங்குகின்றனர். 2010 ஆகஸ்டில் அமைச்சகம் ஒப்புதல் தர மறுத்ததை எதிர்த்து ஒடிசா சுரங்கக் கழகம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது.

2013 ஏப்ரல் 18-இல் வழங்கப்பட்ட தீர்ப்பில் கவனிக்கத்தக்கது, அது வகுத்த நடைமுறையாகும். சுரங்கத்தால் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே ஆராயலாம். மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள நீதித்துறை அலுவலர் ஒருவர் பார்வையாளராக இருக்க வேண்டும். கிராம சபைகளின் முடிவைக் கருத்தில் கொண்டே அமைச்சகம் இறுதி உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என நீதிமன்றம் கூறியது. மலையைச் சார்ந்த ஊர்கள் பல இருக்க, 12-ஐ மட்டும் மாநில அரசு தேர்ந்தெடுத்தது அப்போதே சர்ச்சைக்குள்ளானது. ஆயினும் முடிவு மாறவில்லை.

இதற்கு அடிப்படையாக நின்றது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதே ஆண்டில் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வகை செய்கிறது. ஆனால் அங்கு எழும் எதிர்ப்பு நிபுணர் குழுவின் பார்வைக்குச் செல்லும் பதிவாகவே நிற்கும். அனுமதியைத் தடுக்கும் அதிகாரம் கூட்டத்துக்கு இல்லை.

கருத்துக்கேட்பால் பயனே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரிக்காய் குறித்து 2010 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் கூட்டங்கள் நடத்தினார். ஏறத்தாழ 8,000 பேர் கலந்துகொண்டனர். பல இடங்களில் நிதானமான விவாதத்தைவிட முழக்கமே மேலோங்கியது என்பதும் உண்மை. பிப்ரவரி 9-இல் அமைச்சர் அப்பயிருக்குத் தற்காலிகத் தடை விதித்தார். எனினும் அக்கூட்டங்களை நடத்துமாறு எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. 2022 அக்டோபரில் மரபணு மாற்றக் கடுகுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டபோது அத்தகைய நாடு தழுவிய கூட்டங்கள் நடைபெறவில்லை. அவ்விவகாரத்தில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். விவசாயிகள் உள்ளிட்ட அனைத்துத் தரப்பினரையும் கலந்தாலோசித்துத் தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டனர்.

அமைச்சரின் விருப்பத்தைச் சார்ந்த கலந்தாய்வு அவருடனேயே விடைபெற்றுவிடும். சட்டத்தைச் சார்ந்ததோ, சட்டமோ விதிகளோ மாறும் வரை நீடிக்கும். 2016-இல் நியம்கிரி முடிவை மறுபரிசீலனை செய்ய ஒடிசா தரப்பு உச்ச நீதிமன்றத்தை மீண்டும் நாடியபோது அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை.

ஆனால் விதிகள் மாறிவிட்டன. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட வனப் பாதுகாப்பு விதிகளின்படி, வன உரிமைச் சட்டம் பின்பற்றப்பட்டதை உறுதி செய்வது மாநில அரசின் பொறுப்பு. மத்திய அரசின் இறுதி ஒப்புதலுக்குப் பின்னரும் அதனை நிறைவேற்றலாம். தேசியப் பழங்குடியினர் ஆணையம் இதற்கு ஆட்சேபம் தெரிவித்தது. பழங்குடியினரின் உரிமை எதுவும் நீர்த்துப்போகவில்லை, இரண்டும் தனித்தனிச் சட்ட நடைமுறைகளே என்பது அமைச்சகத்தின் விளக்கம். சட்ட வாசகத்தின்படி அவ்விளக்கம் பொருந்தலாம். ஆனால் புதிய வரிசைப்படி, நியம்கிரி போன்றதொரு மலையூரில் கிராம சபை கூடும் நாளில் தில்லியின் ஒப்புதல் ஏற்கெனவே வழங்கப்பட்டிருக்கக்கூடும்.