விசிறி இருக்கிறது, காற்று வரவில்லை!

"வைஃபை கிடைத்துவிட்டது என்றுதான் போன் சொல்கிறது. மேலே விசிறி மாதிரி அடையாளம்கூடத் தெரிகிறது. ஆனால் ஒரு பக்கமும் திறக்க மாட்டேன் என்கிறதே!"

இந்தப் புலம்பலைக் கேட்காத வீடு இன்று நகரத்தில் இருக்காது. இதற்கு வழக்கமாக நாம் வைத்திருக்கும் மருந்தும் ஒன்றே ஒன்றுதான். "பையன் ஆபீஸிலிருந்து வரட்டும், பார்த்துக் கொள்வான்!"

பையன் வருவதற்கு இரவு எட்டு மணியாகும். ஆனால் மகளின் கல்லூரிக் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய அன்று மாலையே கடைசி வேளை என்றால்? மாதக் கடைசி, போனில் டேட்டாவும் தீர்ந்து போயிருக்கிறது. பக்கத்தில் இலவச வைஃபை இருந்தும், அதை உபயோகிக்கத் தெரியாமல் ஒரு வருஷப் படிப்பைக் கோட்டை விடலாமா, சகோதரிகளே? ரசத்தில் புளி கூடிவிட்டால் என்ன செய்வது என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவ்வளவு சாமர்த்தியம் உள்ளவர்களுக்கு இது ஒரு பிரமாத வித்தை அல்ல. எங்கே தடை என்று வரிசையாகப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணமாக ரயில் நிலைய வைஃபையையே எடுத்துக் கொள்வோம். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் இது ஆரம்பமாயிற்று. ரயில்வேயைச் சேர்ந்த ரெயில்டெல் நிறுவனமும் கூகுளும் சேர்ந்து செய்த ஏற்பாடு. 2018 ஜூனில் 400 நிலையங்களை எட்டியது. 2020-ல் கூகுள் விலகிக் கொண்டாலும் ரெயில்டெல் விடவில்லை. ஆறாயிரத்துக்கும் அதிகமான நிலையங்களுக்கு அது பரவிவிட்டது. 2021 மார்ச்சில் அறிவித்த முறைப்படி, தினமும் முதல் அரை மணி நேரம் இலவசம். அதற்கு மேல் வேண்டுமானால் பத்து ரூபாயிலிருந்து கட்டணம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பொது வைஃபையில் மூன்று வாசல்கள் உண்டு. முதல் வாசல், உங்கள் போனுக்கும் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள காற்று வழி. இரண்டாவது வாசலில், "யாரம்மா நீ? உன் நம்பர் என்ன?" என்று கேட்கும் காவல்காரர் நிற்கிறார். அதாவது, உள்ளே நுழைவதற்கான பதிவுப் பக்கம். மூன்றாவது வாசல், அந்தப் பெட்டியிலிருந்து வெளி உலகத்துக்குப் போகும் கம்பி.

போனில் தெரியும் விசிறி அடையாளம் இருக்கிறதே, அது முதல் வாசலைப் பற்றி மட்டும்தான் சாட்சி சொல்லும். மற்ற இரண்டும் திறந்திருக்கின்றனவா என்று அதைப் பார்த்து உறுதி சொல்ல முடியாது. இந்த ஒரு சங்கதியைப் புரிந்து கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

நுழைகிற முறை சுலபம். செட்டிங்ஸில் வைஃபையைத் திறந்து, ரெயில்வயர் என்ற பெயரைத் தொடுங்கள். பதிவுப் பக்கம் வரும். உங்கள் மொபைல் நம்பரைக் கொடுத்தால் குறுஞ்செய்தியாக ஓ.டி.பி. வரும். அதை அந்தப் பக்கத்தில் இட்டால் கதவு திறக்கும். பூங்காவிலும் நூலகத்திலும் கிடைக்கும் வைஃபைக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

இதெல்லாம் செய்தும் வரவில்லையா? பதற வேண்டாம். முதலில் பக்கத்தில் இருப்பவரை, "உங்களுக்கு வருகிறதா?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேருக்கும் வரவில்லை என்றால் கோளாறு மூன்றாவது வாசலில், கம்பியில் இருக்கலாம். அதற்கு நாம் போனைக் குடைந்து பயனில்லை. மற்றவர்களுக்கு வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லையென்றால், கீழே சொல்லும் வரிசைப்படி பாருங்கள்.

பதிவுப் பக்கமே வரவில்லை: மிகவும் சகஜமான கோளாறு இதுதான். முதலில் மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டால், பல போன்கள் நம்மைக் கேட்காமலே டேட்டாவுக்குத் தாவிவிடும். அப்புறம் காவல்காரரை எங்கே சந்திப்பது? விளம்பரத் தடுப்பு, வி.பி.என். என்று ஏதாவது போட்டு வைத்திருந்தால் அதையும் சற்று நேரம் நிறுத்துங்கள். பிறகு பிரவுசரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற முகவரியை ஆங்கிலத்தில் அடியுங்கள். இந்தக் காரியத்துக்கென்றே ஏற்பட்ட பக்கம் அது. நாம் வழக்கமாகத் திறக்கும் பக்கங்கள் பூட்டுப் போட்டவை. நடுவழியில் காவல்காரர் குறுக்கிட்டால் போன் சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்திக் கொள்ளும். பூட்டில்லாத இந்தப் பக்கத்தைக் கேட்டால், காவல்காரர் எளிதாகத் தம்முடைய பதிவுப் பக்கத்தைக் காட்டிவிடுவார்.

போனின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்றும் ஒரு முறை பாருங்கள். தேதி தவறியிருந்தால் பூட்டுப் போட்ட பக்கங்கள் திறக்க மறுக்கும். காரணம் தெரியாமல் வைஃபையைத் திட்டிக் கொண்டிருப்போம்.

ஓ.டி.பி. வரவில்லை: டேட்டாவை நிறுத்துகிறேன் என்று ஏரோப்ளேன் அடையாளத்தைத் தொட்டுவிட்டீர்களா? அப்படியானால் குறுஞ்செய்தியும் வராது. டேட்டாவை மட்டும்தான் நிறுத்த வேண்டும். டேட்டா அளவு தீர்ந்திருந்தாலும் குறுஞ்செய்தி வரும். ஆனால் ரீசார்ஜ் காலமே முடிந்து இணைப்பு நின்றிருந்தால் வராது. இன்னொன்று: வரவில்லையே என்று நாலு தடவை மறுபடி மறுபடி கேட்காதீர்கள். பெரும்பாலும் கடைசியாக வந்த எண்தான் செல்லும். ஒரு நிமிஷம் பொறுத்துப் பாருங்கள்.

'ஐ.பி. முகவரி பெறப்படுகிறது' என்று நின்றுவிட்டது: ரேஷன் கடையில் டோக்கன் கொடுப்பது போல, வைஃபைப் பெட்டி ஒவ்வொரு போனுக்கும் ஒரு எண் கொடுக்கிறது. வீட்டில் உள்ள சாதாரணப் பெட்டியிடம் சுமார் 250 எண்களே உண்டு. பொது இடத்துப் பெட்டிகளிடம் கூடுதலாக இருக்கலாம். அவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. கூட்ட நேரத்தில் டோக்கன் தீர்ந்துவிட்டால் நாம் காத்துக் கிடக்க வேண்டியதுதான். வைஃபையை அணைத்து, இரண்டு நிமிஷம் கழித்துப் போடுங்கள். அதற்கும் மசியவில்லையானால், செட்டிங்ஸில் அந்தப் பெயரைத் தொட்டு 'மறந்துவிடு' என்று சொல்லிவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

விசிறியில் ஒரே கோடுதான் தெரிகிறது: இது முதல் வாசலின் தகராறு. கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, தண்ணீர்த் தொட்டி, பெரிய நிலைக்கண்ணாடி எல்லாம் அலையைத் தடுக்கும். நிறையப் பேர் நெருக்கியடித்து நின்றால் மனித உடம்பே தடைதான். பத்தடி தள்ளிப் பெட்டி கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் போய் நில்லுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கம் பொதுவாக வைஃபை வைத்திருந்தால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் வைஃபை அலைவரிசை ஒன்றின் அருகில்தான். இரண்டுமே ஏறக்குறைய 2.4 கிகாஹெர்ட்ஸ். சாம்பார் சூடாகும்போது மட்டும் படம் நின்று போனால் பேயைச் சந்தேகிக்க வேண்டாம்! பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸ் என்ற வரிசையும் இருந்தால் அதற்கு மாறிக் கொள்ளுங்கள். அது வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டி அவ்வளவு தூரம் வராது.

வருகிறது, ஆனால் ஆமை வேகம்: ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இலவச அரை மணி நேரத்துக்கு ரெயில்வயர் அறிவித்த வேகம் வினாடிக்கு ஒரு மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே ஒரு மெகாபைட் வந்து சேர எட்டு வினாடியாகும். முழு வேகமும் கிடைத்தால்கூட அரை மணியில் 225 மெகாபைட்தான். இரண்டு மெகாபைட் விண்ணப்பம் பதினாறு வினாடியில் போய்விடும். முழுச் சினிமா வராது. ஆகவே முதலில் அவசியமான காரியத்தை முடியுங்கள். போனில் தானாகவே இறங்கும் புதுப் பதிப்புகளையும், படங்களை மேலே ஏற்றும் வேலையையும் நிறுத்தி வையுங்கள். நமக்குத் தெரியாமல் அவை நம் பங்கைச் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்.

மறுபடியும் மறுபடியும் பெயர் கேட்கிறது: அன்றைய அரை மணி முடிந்திருக்கலாம். அல்லது உங்கள் போன் முகமூடி போட்டிருக்கலாம். 2019, 2020-க்குப் பிறகு வந்த போன்கள், தங்களை யாரும் பின்தொடராமல் இருக்க வைஃபைக்கு ஒரு மாற்று அடையாள எண்ணைக் காட்டுகின்றன. அந்த எண் மாறினால் காவல்காரர் உங்களைப் புது ஆள் என்று நினைப்பார். அதில் தவறொன்றும் இல்லை. இன்னொரு முறை பதிவு செய்தால் சரி.

கோளாறு நிவர்த்தியைப் போலவே ஜாக்கிரதையும் அவசியம். வைஃபைக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். நிலையத்தின் பெயரிலேயே ஒரு போக்கிரி தன் பையில் பெட்டி வைத்திருக்கலாம். ஆகவே சரியான பெயர் எது என்று அறிவிப்புப் பலகையைப் பார்த்துக் கொள்ளுங்கள். இலவச வைஃபைக்கு மொபைல் நம்பரும் ஓ.டி.பி.யும் கேட்பது முறை. ஏ.டி.எம். அட்டை எண்ணையோ, யு.பி.ஐ. ரகசிய எண்ணையோ, ஏதோ ஒரு புதிய ஆப்பை நிறுவும்படியோ இலவசப் பக்கம் கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

பிரவுசரில் தெரியும் பூட்டு அடையாளம் நல்லதுதான். நீங்கள் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாது என்று அர்த்தம். ஆனால் எதிரில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அது நற்சாட்சிப் பத்திரம் அல்ல. பண விவகாரங்களை உங்கள் சொந்த டேட்டாவில் வைத்துக் கொள்வதே உத்தமம். மீறி ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

"இலவசம்தானே, வந்தால் வரட்டும்" என்று அலட்சியமாக இருப்பவர்களும் நம்மில் உண்டு. அவர்களுக்காக ஒரு வெளிநாட்டுச் சங்கதி சொல்கிறேன். ஸ்பெயின் தேசத்தில், கட்டலோனியாவில், குர்ப் என்று ஒரு சிற்றூர். அதிவேக இணையம் எட்டாத இடம். 2004-ல் அவ்வூர்க்காரரான ராமோன் ரோகா என்பவர் அக்கம்பக்கத்தாருடன் சேர்ந்து காரியத்தில் இறங்கினார். வீட்டுக் கூரைகளின் மேல் ஆன்டெனாக்களை வைத்தார்கள். ஒரு வீடு வாங்கிய அலையை அடுத்த வீட்டுக்குக் கைமாற்றிவிட்டது. அதற்குக் கீஃபி என்று பெயர். இன்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களை இணைத்து நிற்கிறது. அங்கே ஒரு வீட்டு ஆன்டெனா சாய்ந்தால் அதை நம்பியிருக்கும் அடுத்த வீட்டுக்கும் தொல்லை. அதனால் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்கிறார்கள்.

நம் ஊரிலும் பொது வைஃபை ஊர்ப் பொதுக் கிணறு மாதிரிதான். வாளிக் கயிறு அறுந்தால், "நமக்கென்ன?" என்று அடுத்த தெருவுக்குப் போய்விட்டால் கிணறு தூர்ந்து போகும். கோளாறு என்று தெரிந்தால் நிலையத்திலோ, நூலகத்திலோ, குடியிருப்புச் சங்கத்திலோ சொல்லுங்கள். "வைஃபை சரியில்லை" என்று மொட்டையாகச் சொல்லாமல், எந்த இடம், எத்தனை மணி, எந்த வாசலில் தடை, போனில் என்ன வாசகம் தெரிந்தது, எத்தனை பேருக்கு வரவில்லை என்ற ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வைத்தியரிடம் குழந்தையின் காய்ச்சலைச் சொல்வது போலத்தான். விவரம் சரியாக இருந்தால் மருந்தும் சீக்கிரம் கிடைக்கும்.

டேட்டாவுக்குப் பணம் போட முடியாத எத்தனையோ பெண் குழந்தைகள் அந்த அரை மணி நேரத்தை நம்பி நிலையத்துப் பெஞ்சிலும் நூலகத்து மூலையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டு அவர்களுக்கும் உதவும்.

அவசரம் எதுவும் இல்லாத ஒரு நாளில், காய்கறி வாங்கப் போகும்போது பத்து நிமிஷம் ஒதுக்கி இதையெல்லாம் ஒரு முறை செய்து பாருங்கள். பிறகு இந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சமையலறைக் காலண்டருக்குப் பின்னால் செருகி வையுங்கள். மகளின் பட்டியலுக்குக் கடைசி நாள் வரும்போது, பையன் வரும்வரை காத்திருக்க வேண்டியிராது.