பாயிரம் அரியணையில், முடிவோ மணவறையில்!

கரியமாணிக்கத்தையும் பாகூரையும் சூழ்ந்த சிற்றூர்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த உழவனுக்கு நாடக இலக்கணத்தை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. துகிலுரிந்த அன்று அவிழ்ந்த கூந்தலைப் பாஞ்சாலி படுகளத்தில்தான் முடிக்கவேண்டும்; இடையில் முடித்தால் அவன் ஒப்பான். கதை வடவர் கதையே. ஆயினும், தொடங்கிய வழக்குத் தீர்ந்த பின்னரே கூத்து முடியவேண்டும் என்னும் தெளிவு அவனுடையது. அந்த அளவுகோலால் மனோன்மணீயத்தை அளந்தால் உண்மை கசக்கும். கசப்பினும் சொல்லியே ஆகவேண்டும்.

1891-இல் அந்நூல் வெளிவந்தபோது அது தமிழுக்கு முற்றிலும் புதியது. திருவனந்தபுரத்தில் மெய்யியல் பேராசிரியராய் விளங்கிய பெ. சுந்தரனார், ஆங்கிலப் புலவர் இலிட்டன் எழுதிய 'மறைவழி' என்னும் கதையை வித்தாகக் கொண்டு, ஐந்து அங்கமும் 20 களமுமாக அதனை யாத்தார். பாயிரத்தில் தமிழையே தெய்வமாக நிறுத்தி வணங்கினார். அவ்வணக்கப் பாடலின் சில அடிகளை விடுத்து, எஞ்சியதைத் தமிழ்நாட்டரசு 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021-இல் மாநிலப் பாடலாக அறிவித்தது. பாயிரம் அரியணை ஏறிற்று. நாடகம் என்ன ஆயிற்று?

நாடகத்தின் தொடக்கம் நாட்டைப் பற்றியது. பாண்டியன் சீவகன் அமைச்சன் குடிலனின் சொல்லை நம்பி, மதுரையை விட்டு நெல்லையில் கோட்டை கட்டுகிறான். தன் மகன் பலதேவனுக்கு இளவரசி மனோன்மணியை மணமுடிக்க விரும்பும் குடிலன், நாஞ்சில் நாட்டைக் கேட்கும் தூதாக அவனையே அனுப்பிச் சேரனோடு போர் மூட்டுகிறான். நாஞ்சில் யாருக்கு? குடிலனின் வஞ்சத்தினின்று நாடு தப்புமா? படைவீரரை நோக்கிச் சீவகன் முழங்கும் நாட்டுப்பற்றுரையைப் படிக்கும் தமிழனுக்குத் தோள் பூரிக்கும். இத்துணை வினாக்களையும் எழுப்பிய நாடகம் எதனால் அவற்றுக்கு விடையிறுக்கிறது? ஒரு கனவால்; ஒரு சுருங்கையால்; ஒரு மாலையால்!

முனிவர் ஒருவர் மறைவாகத் தோண்டுவித்த சுருங்கை வழியே குடிலன் காட்டிக்கொடுக்கச் செல்கிறான். சேரன் அவனைத் தளையிட்டு, அதே வழியில் மணவறைக்குள் நுழைகிறான். கனவிற் கண்ட காதலன் இவனே என்று மனோன்மணி மாலையிடுகிறாள். நாட்டு வழக்கை மணமாலை விழுங்கிவிடுகிறது. பாண்டியன் தன் அறிவால் வென்றானில்லை. உண்மைத் தொண்டன் நாராயணனின் உழைப்பு வென்றதில்லை. குடிமக்களோ கண்ணிலேயே படவில்லை. பகைவன் பெருந்தன்மையால் உய்ந்த நாடு ஒரு நாடா? தமிழ்த்தெய்வத்தை வணங்கிய கையே தமிழ் வேந்தர்க்குச் சீவகன் என்றும் புருடோத்தமன் என்றும் வடசொற் பெயர் சூட்டிய பிழையினும் இது பெரும்பிழை.

'இது மெய்யியல் உருவகம். சீவகன் உயிர், முனிவர் ஆசான்' என்பர் சிலர். ஆகட்டும்! உருவகம் என்பதனால் நாஞ்சில் மண் பொய்யாகிவிடுமா? திருவிதாங்கூர் ஆட்சியின் நிழலில் வாழ்ந்தவர் அவ்வழக்கைத் தீர்த்தெழுதுதல் எளிதன்று என்பதையும் ஒப்புவோம். ஆனால் வரலாறு அதனைத் தீர்த்து எழுதிற்றே! நேசமணியார் தலைமையில் தென் திருவிதாங்கூர்த் தமிழர் கிளர்ந்தனர். 1954 ஆகத்து 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலரின் குண்டுகளுக்குத் தமிழர் மார்பு காட்டினர். 1956 நவம்பர் முதல் நாள் நாஞ்சில் நாடு குமரி மாவட்டமாய்த் தமிழ்நாட்டோடு இணைந்தது. அங்கே கனவில்லை, சுருங்கையில்லை, மக்கள் இருந்தனர்.

மனோன்மணீயம் வெளிவந்த அதே 1891-இல் புதுவையில் பிறந்தவர் பாவேந்தர். அவர் 1937-இல் புரட்சிக்கவியைப் படைத்தார். எடுத்த கதை வடமொழிப் பில்கணீயம். கொடுத்த முடிவோ தமிழ் முடிவு. காதலரைக் கொல்லத் துணிந்த மன்னனுக்கு எதிராக மக்கள் எழுகின்றனர்; முடியாட்சி வீழ்கிறது. வந்த கதையை மாற்றும் துணிவு அவர்க்கு இருந்தது. சுந்தரனாரோ வந்த கதையின் சுருங்கைக்குள்ளேயே நுழைந்து வெளிவந்தார். இன்று புதுவை அரசு பாவேந்தர் பாடலையே தமிழ்த்தாய் வாழ்த்தாகக் கொண்டிருப்பது எத்துணைப் பொருத்தம்!

சுந்தரனாரைச் சிறுமைப்படுத்துதல் நோக்கமன்று. அவர் தொடங்கிய பணியின் பெருமையே அதன் குறையைச் சொல்லத் தூண்டுகிறது. இன்றும் மேடை தோறும் நாடகங்கள் தமிழ் வாழ்த்தோடு தொடங்குகின்றன; உரிமை முழக்கத்தோடு வளர்கின்றன; இறுதியில் ஒரு திருமணத்தில், ஒரு பெரியவரின் அறிவுரையில், கைதட்டலோடு அடங்கிவிடுகின்றன. எழுதுகோல் ஏந்தும் இளைஞர் எண்ணிப் பார்க்கட்டும்! தொடக்கத்தில் தாயை வாழ்த்துவது எளிது. இறுதிக் களத்தில் அவள் வழக்கைத் தீர்ப்பவனே தமிழ் நாடக ஆசிரியன்!