கல் நாட்டும் முன் கேளுங்கள்

பொதுப் பணத்தில் ஒரு கட்டிடம் கட்டுவதென்றால் முதற் காரியம் அஸ்திவாரக் கல் நாட்டுவதுதான் என்று ஜனங்களில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். உண்மையில் முதற் காரியம் காகிதத்திலும் பென்சிலிலும் நடக்கின்றது. யாருக்காகக் கட்டுவது, எத்தனை பேர் உட்கார வேண்டும், எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த அறை, வெளிச்சமும் காற்றும் எப்பக்கம் வரும், கூரையை எது தாங்கும், உத்தேசச் செலவு எவ்வளவு என்பவைகளை யெல்லாம் யோசித்து, இரண்டு மூன்று விதமாய்ப் போட்டுப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே பூர்வாங்க வரைபடம் என்பதாகும். இந்த நிலையில் ஒரு சுவரை அழிப்பதற்கு ஒரு துண்டு ரப்பர் போதும். கட்டிய பிறகோ கடப்பாரையும் கஜானாவும் வேண்டும். ஆகவே பூர்வாங்கப் படம் என்பது ஒரு கேள்வியே யொழிய முடிவான விடையல்ல.

இதை மறந்ததால் என்ன நேரிட்டது என்பதற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள சிட்னி நகரத்து இசை நாடக மாளிகையே போதிய சாட்சியாகும். இதற்காக நடந்த போட்டியில் 233 படங்கள் வந்தன. 1957 ஜனவரியில் டென்மார்க் தேசத்து யோர்ன் உட்சன் என்பவருடைய படம் பரிசு பெற்றது. அது கடலோரத்தில் பாய் விரித்தாற்போன்ற கூரைகளைக் கொண்ட அழகான படந்தான். ஆனால் அந்தக் கூரைகளின் வளைவு எந்தக் கணக்குக்கு உட்பட்டது, அதை எப்படிக் கட்டுவது என்பதற்கு அப்போது விடை கிடையாது.

விடை வரும்வரை சர்க்கார் பொறுத்ததா? இல்லை. காலதாமதமானால் பொதுஜன அபிப்பிராயம் மாறிவிடுமோ, பணம் கிடைக்காமல் போகுமோ என்று பயந்து, 1959 மார்ச்சிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். பலன் என்ன? கூரையின் கனம் தெரியாமல் போட்ட தூண்கள் போதாதவையாகி, திரும்பவும் பலப்படுத்திக் கட்ட வேண்டியதாயிற்று. எல்லாக் கூரைகளையும் ஒரே உருண்டையின் துண்டுகளாக வெட்டி எடுக்கலாம் என்ற யோசனை 1961-ல்தான் பிறந்தது. 1966-ல் மந்திரியோடு ஏற்பட்ட தகராறில் உட்சன் விலகிப் போனார். அதற்குப் பிறகு, சங்கீதத்திற்கும் நாடகத்திற்குமாக உத்தேசித்த பெரிய மண்டபத்தைக் கச்சேரிக்கு மட்டும் என்று மாற்றி, அதில் மாட்டியிருந்த மேடை யந்திரங்களைக் கழற்றி எறிந்தார்கள். இசை நாடகமோ இடம் போதாத சிறிய மண்டபத்துக்குத் தள்ளப்பட்டது. 1963-ல் முடிய வேண்டிய வேலை 1973-ல் முடிந்தது. 70 லட்சம் டாலர் என்ற மதிப்பு 10 கோடியே 20 லட்சம் டாலரில் போய் நின்றது.

"இன்று உலகமே அதைப் புகழ்கிறதே, 2007-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆகிவிட்டதே, இனி ஏன் குறை சொல்ல வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் கட்டிடம் அழகானது என்பதை நாம் மறுக்கவில்லை. உட்சனுடைய புத்தியையும் குறை கூறவில்லை. ஆனால் ஒருவன் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டிக் கரையேறிவிட்டான் என்பதற்காக, எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று உபதேசம் செய்யலாமா? செலவில் பெரும்பாகம் லாட்டரிச் சீட்டு வாங்கிய சாதாரண ஜனங்களின் காசு. வரைந்தவரோ 2008-ல் இறக்கும்வரை முடிந்த கட்டிடத்தை நேரில் பார்க்கவேயில்லை. இவ்வளவுக்கும் காரணம், கேள்வியாக இருந்த படத்தை விடையாக எடுத்துக்கொண்டதுதான்.

நிற்க, வீடு கட்டுகின்றவர்கள் நாளும் நட்சத்திரமும் முதலில் குறித்துவிட்டு, சமையல் புகை எந்த வழியாய்ப் போகும் என்பதைப் பிறகு யோசிக்கின்றார்களே, இதற்கும் அந்த மந்திரிகளின் அவசரத்திற்கும் என்ன வித்தியாசம்? தேதி முதலில், அறிவு பிறகு என்பதுதானே இரண்டும்!

ஆகையால் தோழர்களே! உங்கள் ஊரில் பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ வாசகசாலையோ கட்டப் போவதாகத் தெரிந்தால், கல் நாட்டு விழாவுக்குக் கைதட்டப் போகும் முன் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெரிய இஞ்சினீர் போட்டது, நமக்கென்ன தெரியும் என்று கூசாதீர்கள். தூணின் கணக்கு அவருக்குத் தெரியும்; ஆனால் பிள்ளைத்தாய்ச்சி எந்தப் படியில் ஏறுவாள், மழையில் எவ்விடம் தண்ணீர் நிற்கும் என்பது உங்களுக்கல்லவா தெரியும்? கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை. கேளாமல் விட்டதற்குத்தான் பின்னால் காசு கொடுக்க வேண்டும்.